கறிதோசைக்கு எந்த ஒயின் பொருந்தும்? தெருமுனை மெஸ்ஸில் ஒரு சனிக்கிழமை மாலை

கேள்வி: அண்ணாநகர் வாசி

அனைவருக்கும் வணக்கம். நாசிக்கில் பணிபுரியும் என் அக்காள் மகன் அடுத்த வாரம் விடுமுறையில் மதுரைக்கு வருகிறான். நாசிக்கில் திராட்சைத் தோட்டங்களை ஒட்டியே ஒயின் சுவைக்கும் கூடங்கள் இருப்பதையும், குவளையில் கொஞ்சமாக ஊற்றி, முகர்ந்து, வாயில் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு அதற்கேற்ற உணவைச் சாப்பிடுவது அங்கு வழக்கம் என்பதையும் அவன் சொல்லக் கேட்டதிலிருந்து எங்களுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. எங்கள் தெருமுனையில் ஆறே மேசைகள் கொண்ட ஒரு மெஸ் இருக்கிறது. கறிதோசை, மட்டன் சுக்கா, அயிரை மீன் குழம்பு ஆகிய மூன்றும் அங்கே சிறப்பு. உரிமையாளர் பல ஆண்டுகளாகப் பழகியவர் என்பதால் மாடியறையை அன்று இரவு எங்களுக்கே ஒதுக்கித் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் எட்டுப் பேர். எவரும் பெரிய குடிகாரர் இல்லை. எத்தனை பாட்டில் வாங்குவது, இவ்வளவு காரமான சாப்பாட்டுக்கு எந்த ஒயின் ஒத்துவரும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய மெஸ்காரர்

தம்பி, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த மாடியறை யோசனையைக் கைவிடுங்கள். மது அருந்த உரிமம் இல்லாத உணவகத்தில், பாட்டிலை நீங்களே வாங்கிக்கொண்டு போனாலும், அங்கே வைத்துக் குடிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதற்கு இடம் கொடுத்தவரும் தப்ப முடியாது. மது பரிமாறுவதற்கான எஃப்.எல்.3 உரிமம் பெற்ற பெரிய ஓட்டல்களின் நிலை வேறு. நான் மெஸ் நடத்திய காலத்தில், தெரிந்தவர்கள்தானே என்று ஒரே ஒரு நாள் பின்கட்டில் உட்கார விட்டதற்காகக் காவல் நிலையத்துக்கு மூன்று முறை அலைந்தேன். உங்கள் மேல் உள்ள பிரியத்தில் சரி என்று சொல்பவரை அந்த நிலைக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். ஒயின் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருக்கட்டும். சாப்பாடு அடுக்குக் கேரியரில் வந்து சேரட்டும். தெருமுனைதானே, ஆறிப்போக நேரம் இல்லை. 21 வயது நிரம்பாத பிள்ளைகள் யாரும் அந்த எட்டுப் பேரில் இல்லை என்று நம்புகிறேன்.

பதில் 2: தல்லாகுளம் சமையற்கட்டு

மெஸ்காரர் ஐயா சொன்னதே சரி. ஓட்டல் ஒன்றில் பரிமாறும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் மற்றதைச் சொல்கிறேன். சுவைத்துப் பார்க்க ஒருவருக்கு 50 மில்லி போதும். 750 மில்லி பாட்டிலில் அப்படி 15 முறை ஊற்றலாம் என்பதால், வகைக்கு ஒரு பாட்டில் வீதம் மூன்று பாட்டில் எட்டுப் பேருக்குத் தாராளம்.

காரமும் புளியும்தான் நம் ஊர்ச் சாப்பாட்டில் ஒயினுக்குப் பகை. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் மேலும் கிளப்பிவிடும். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் என்ற துவர்ப்பு, கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கு இழுத்துக்கொள்வதைப் போன்றது. அது காரத்தோடு சேர்ந்தால் வாய் கரடுமுரடாகிவிடும். ஆகவே சால்னா ஊற்றிச் சாப்பிடும் கறிதோசைக்கு, லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். அயிரை மீன் குழம்பின் கதை வேறு. குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும் என்பதால், அதற்குப் புளிப்பு தூக்கலான சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின்தான் ஈடுகொடுக்கும்.

சுக்காவுக்கு மட்டும் சிவப்பு ஒயினைத் துணிந்து எடுக்கலாம். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினை வாங்குங்கள்; அதைச் செய்யும் திராட்சையில் ரோட்டண்டோன் என்றொரு மணப்பொருள் உண்டு. நம் மிளகின் வாசனைக்கும் அதுவே காரணம். எனவே அன்றைக்கு மட்டும் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டி வறுத்துத் தரும்படி மெஸ்ஸில் சொல்லிவையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எழுதியவர்கள் 16 முதல் 18 டிகிரி வரையுள்ள ஐரோப்பிய அறைகளை நினைத்து எழுதினார்கள். மதுரை மொட்டைமாடிக்கு அது பொருந்தாது. அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள்.

இன்னொன்று, வீட்டுப் பெண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று முழம் மதுரை மல்லி பக்கத்தில் இருந்தால் எந்த ஒயினின் மணமும் மூக்குக்கு எட்டாது. சுவைத்து முடித்த பிறகு சூடிக்கொள்ளலாம்.

பதில் 3: சுருளிப்பட்டிக்காரன்

பெரியவர்கள் நாசிக்கையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு வந்தீர்கள். சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு யார் கண்ணிலும் படவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது; பழத்தில் பன்னீர் மணம் வீசுவதால் அந்தப் பெயர். மற்ற ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை வெட்டு நடக்கும்போது, எங்கள் பக்கம் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். பெரும்பாலும் தின்னும் பழமாகவே போனாலும் இந்தத் திராட்சையில் ஒயினும் செய்கிறார்கள். இனிப்பு தூக்கல்தான், தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் காரத்துக்கு இனிப்புதான் மருந்து என்று மேலே இருக்கும் அண்ணனே ஒப்புக்கொள்கிறார். மல்லிக்கும் தடை போட வேண்டாம்: மஸ்கட் வகைத் திராட்சையிலும் மல்லிகையிலும் லினலூல் என்ற ஒரே மணப்பொருள் இருக்கிறது. டாஸ்மாக் எலைட் கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், தெரிந்தவர் வீட்டில் காய்ச்சியது என்று யாராவது தருவதை மட்டும் வாங்க வேண்டாம். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் செய்வதும் குற்றமே.

மீண்டும் அண்ணாநகர் வாசி

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை இரவு மொட்டைமாடியில் பாய் விரித்து நடத்தி முடித்தோம். மாடியறை வேண்டாம் என்றதும் மெஸ் உரிமையாளர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோது, கேட்டதற்கே வெட்கமாக இருந்தது.

மிளகுச் சுக்காவும் ஷிராஸும் சொன்னபடியே பொருந்தின. இரண்டாவது வாயில்தான் அந்த மிளகு வாசனை பிடிபட்டது. அயிரைக் குழம்பிடம் சாவிஞான் பிளாங்க் தோற்றுப்போனது என்றே சொல்ல வேண்டும். மூன்று பேர் குவளையைத் தள்ளிவைத்துவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கிவிட்டார்கள். செனின் பிளாங்க் தேடிய கடையில் இல்லாததால் அதன் இடத்தில் கம்பத்து ஒயினை வைத்தோம். மல்லியைக் கழற்ற மறுத்துவிட்ட என் அத்தை அந்த ஒயினை முகர்ந்து பார்த்து, கல்யாண வாசலில் பன்னீர் தெளித்தது போல இருக்கிறது என்றார். முதலில் காலியான பாட்டிலும் அதுதான்.

குறை ஒன்றே ஒன்று. கேரியரில் ஏறிய கறிதோசை ஆவியில் வெந்து, மொறுமொறுப்பெல்லாம் போய், ஊறவைத்த ரொட்டி போல வந்து சேர்ந்தது. அடுத்த முறை மாவையும் கொத்துக்கறியையும் தனித்தனியே தர மெஸ்ஸில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; மாடியிலேயே தோசைக்கல்லைப் போடப் போகிறோம்.