முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதலாமா, துரைப்பாக்கம் என்று போட்டால் போதுமா?

கேட்டவர்: பிகாம்_600097

எல்லோருக்கும் வணக்கம். வீடு கண்ணகி நகரில், நகரத்துக் குடிசைகளை இடித்துக் கொண்டுவந்து விட்டவர்களுக்குக் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு. பி.காம் முடித்துவிட்டு ஓ.எம்.ஆர் பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். டேலி தெரியும், ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருந்தபோது ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போடவும் கற்றுக்கொண்டேன். இன்டர்வியூவில் கேட்பதற்கு ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறேன், ஆனால் ரெஸ்யூமில் வீட்டு முகவரியைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. போன வாரம் ஒரு கம்பெனியில் மேனேஜர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். முகவரிக்கு வந்ததும் பேனாவை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, "கண்ணகி நகரா, அங்கே நிறைய பிரச்சினை ஆச்சே, வீட்டில் யார் மேலாவது கேஸ் இருக்கா?" என்றார். இல்லை சார், அப்பா பெயின்டர், அம்மா சமையல் வேலைக்குப் போகிறார் என்றேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அப்புறம் போனே இல்லை.

கன்சல்டன்சியில் இருப்பவர், "துரைப்பாக்கம்னு போட்டுக்கோப்பா, பின்கோடு ரெண்டுக்கும் ஒண்ணுதானே" என்கிறார். அம்மாவும் வேலை செய்யும் வீடுகளில் எல்லாம் துரைப்பாக்கத்திலிருந்து வருகிறேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் என் ஆதாரில் பிளாக் நம்பரோடு கண்ணகி நகர் என்று தெளிவாக இருக்கிறது. நாளைக்கு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் இது பொய் முகவரி என்று ஆகிவிடுமோ என்று பயம்.

ஏரியாவில் குற்றமே நடக்காது என்று சொல்ல வரவில்லை. கஞ்சா விற்கிறார்கள், வெட்டுக் குத்து நடந்திருக்கிறது. எங்கள் பிளாக்கில் மாடிப்படி லைட்டை யாரோ உடைத்துவிட்டுப் போவார்கள், மாட்டினால் மறுபடி உடைப்பார்கள், அதனால் இரவு எட்டு மணிக்கு மேல் தங்கையை அம்மா கீழே கடைக்குக்கூட அனுப்புவதில்லை. இந்தப் பயத்தோடு இருப்பதும் நாங்கள்தான், வெளியே போனால் சந்தேகமாகப் பார்க்கப்படுவதும் நாங்கள்தான். தம்பியை நைட் ரோந்தில் போலீஸ் நிறுத்தி, போனில் முகத்தைப் போட்டோ எடுத்து, பழைய கேஸில் உள்ளவனா என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள், அவன் டியூஷன் முடித்து வந்துகொண்டிருந்தான்.

இதே மாதிரி பெயர் உள்ள ஏரியாவிலிருந்து வந்து வேலையில் இருப்பவர்கள் என்ன செய்தீர்கள்? ஹெச்.ஆரில் இருப்பவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

பதில்: பெருங்குடி_ஹெச்ஆர்

தம்பி, ஆளெடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். ரெஸ்யூமில் முழு முகவரி எழுத வேண்டிய அவசியமே இல்லை. பெயர், போன், மெயில், "சென்னை 600097", இது போதும். இப்போது பெரும்பாலும் எல்லோரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள், இதை யாரும் மறைப்பதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பா பெயர், மதம், பிறந்த தேதி என்று பழைய பயோடேட்டா மாதிரி எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஆனால் ஆஃபர் வந்த பிறகு நிரப்பும் ஃபாரத்தில் ஆதாரில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். வெரிஃபிகேஷன் செய்பவர்கள் முகவரிக்கு ஆளை அனுப்பியோ, போனில் லொகேஷன் அனுப்பச் சொல்லியோ பார்ப்பார்கள். அங்கே மாற்றி எழுதினால், கண்ணகி நகர் என்று எழுதியிருந்தால் வராத சிக்கல் முகவரி பொருந்தவில்லை என்று வந்துவிடும், அதை வைத்தே ஆஃபரை ரத்து செய்யலாம். கன்சல்டன்சிக்காரர் சொல்வதை இந்த இடத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

ஏரியாவைப் பார்த்து ஒதுக்குகிறார்களா என்றால், ஆமாம், ஒதுக்குகிறார்கள். எழுத்தில் எங்கும் இருக்காது. டெலிவரி, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு அந்தப் பெயர் யாருக்கும் உறுத்துவதில்லை, கேஷ் கவுன்டர், அக்கவுண்ட்ஸ் என்றதும் உறுத்துகிறது. வீட்டில் யார் மேல் கேஸ் இருக்கிறது என்று கேட்டது அசிங்கமான கேள்வி. மறுபடி யாராவது கேட்டால், "என் மேல் எந்தக் கேஸும் இல்லை, வெரிஃபிகேஷனுக்குத் தயார்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை என்று நீங்களாக விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

---

பதில்: கூவக்கரை_அக்கா

தம்பி படித்து வந்திருப்பதே பெரிய சந்தோஷம். நாங்கள் சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கூவம் ஓரத்தில் இருந்தவர்கள். மீன் மார்க்கெட் பக்கத்தில் எனக்கு இட்லிக் கடை, வீட்டுக்காரர் பாரிமுனையில் மூட்டை தூக்குவார். குடிசையை இடித்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டபோது இங்கே வரிசையாக பிளாக்கும் ஒற்றை அறை வீடும்தான் இருந்தது. தண்ணீர் லாரி வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடியும் வரை உட்கார்ந்திருப்போம். பாரிமுனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மூட்டை வேலை விடிகாலையில் ஆரம்பிக்கும், அந்த நேரத்துக்கு இங்கிருந்து பஸ் ஏது? கொஞ்ச நாள் அங்கேயே பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டார், அப்புறம் விட்டுவிட்டார். என் கடையும் போச்சு.

2000-ல்தான் இங்கே ஆட்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அதே வருஷம்தான் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. ஒரே ரோட்டில் ஒரு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இடம், இன்னொரு பக்கம் நகரத்துக்கு வேண்டாம் என்று தள்ளிய எங்களுக்கு இடம். ரோடு போட, ஆறு சுத்தம் செய்ய, சுனாமிக்கு, 2015 வெள்ளத்துக்கு என்று ஒவ்வொரு தடவையும் லாரி லாரியாக ஆட்கள் வந்தார்கள், இங்கே நிரம்பியதும் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று போனார்கள். கண்ணகி நகரும் எழில் நகரும் சேர்த்து 23,000 வீட்டுக்கு மேல். இது 2011-ல்தான் மாநகராட்சியில் சேர்ந்தது, அதுவரை ஊராட்சி. இத்தனை ஜனத்துக்கு ஒரு கிராமப் பஞ்சாயத்து என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

பசங்க கெட்டதற்கும் அதுதான் ஆரம்பம். பாதி வருஷத்தில் கொண்டுவந்து விட்டதால் என் பெரியவன் உட்பட எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை அப்படியே விட்டார்கள். பழைய இடத்தில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே நின்றாலும் ஒரு பாட்டியாவது கூப்பிட்டுத் திட்டும். இங்கே மேல்வீடு ஒரு ஏரியா, கீழ்வீடு ஒரு ஏரியா, யாரும் யாரையும் கேட்க முடியாது. வேலை இல்லாத பசங்க, விற்கச் சொல்லிப் பொட்டலம் கொடுக்க வெளியாள் வருகிறான், அவ்வளவுதான். கெட்டவன் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் எங்களுக்குச் சாமான் இறக்கி வைக்கும் முன்னாலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. துரைப்பாக்கம் கடைக்காரர் அன்றைக்கே எங்களுக்குக் கடன் கொடுக்க மாட்டேன் என்றார்.

உன் அம்மா துரைப்பாக்கம் என்று சொல்வதைக் குறையாக நினைக்காதே தம்பி. அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய்.

---

பதில்: துரைப்பாக்கம்_அபார்ட்மென்ட்

அக்கா சொன்னது மனசைத் தைக்கிறது. ஆனாலும் இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும். நாங்கள் லோன் போட்டு இங்கே வீடு வாங்கியவர்கள். என் மனைவி சர்வீஸ் ரோட்டில் நடந்து வரும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் போனைப் பறித்துக்கொண்டு போனார்கள், கீழே விழுந்து முட்டியில் தையல். ஒருவன் பிடிபட்டான், கண்ணகி நகர்தான். இதை நடக்காத மாதிரி என்னால் பேச முடியாது. எல்லாம் மீடியா கிளப்பிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதேசமயம் எங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பதும் சரியில்லை. குழந்தையின் சைக்கிள் காணவில்லை என்றாலே "கண்ணகி நகர் பசங்க" என்று முதல் மெசேஜ் வந்துவிடும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் பெண்கள் கபடி தங்கம் வந்தபோது, துணை கேப்டன் கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண் என்று அதே குரூப்பில் அத்தனை பேரும் கை தட்டினார்கள். அவர் பயிற்சி செய்த இடம் எங்கள் கேட்டிலிருந்து நடக்கும் தூரம், அதில் எத்தனை பேர் அங்கே கால் வைத்திருப்பார்கள்? வேலைக்கு வரும் பெண்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள், நானும் இன்னும் சிலரும் எதிர்த்து நிறுத்தினோம்.

எனக்கு வேண்டியது ரோட்டில் லைட், ரோந்து, பறித்தவனுக்குத் தண்டனை. உங்களுக்கு வேலை மறுப்பதால் என் மனைவிக்கு எந்தப் பாதுகாப்பும் வரப்போவதில்லை.

---

பதில்: எழும்பூர்_வக்கீல்

மேலே சொன்ன அண்ணனின் கோபம் நியாயம். பறித்தவனைப் பிடித்து வழக்கை ஒழுங்காக நடத்தினால் அதை முதலில் வரவேற்பது கண்ணகி நகர் பெண்களாகத்தான் இருக்கும். என்னிடம் அந்தப் பகுதியிலிருந்து வருகிறவர்களில் பாதிக்குமேல் புகார் கொடுக்க வருகிறவர்கள். புருஷன் அடி, கந்துவட்டி, பிள்ளையைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், இப்படி. அந்தப் புகார்களுக்காக யாரும் அந்த ஏரியாவை நினைப்பதில்லை.

பெயர் எப்படி வளர்கிறது என்று கோர்ட்டில் தினமும் பார்க்கிறேன். துப்பு கிடைக்காத வழக்கு என்றால் பழைய லிஸ்டில் உள்ளவர்களின் வீட்டுக்குத்தான் முதலில் போவார்கள். தேர்தல், திருவிழா, முக்கியப் புள்ளிகள் வருகை என்றால் நன்னடத்தைப் பிணை, அதாவது ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி, கேட்டு நோட்டீஸ் போகும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110, இப்போது 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 126, 129. பதினெட்டு வயதில் ஒரு அடிதடி வழக்கில் சிக்கிய பையன் அப்புறம் ஒழுங்காக வேலைக்குப் போனாலும், நோட்டீஸ் வந்தால் ஆஜராக லீவு போட வேண்டும், இரண்டு தடவை லீவு போட்டால் தினக்கூலி வேலை போய்விடும். ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் கிடைப்பது பெரும்பாடு. வீட்டு வரி ரசீது கேட்பார்கள். வாரிய வீட்டில் இருப்பவர்களில் நிறைய பேரிடம் ஒதுக்கீட்டு ஆணைதான் இருக்கும், கிரயப் பத்திரம் இருக்காது. அதனால் அதே குற்றத்துக்கு இவர்கள் வீட்டுப் பிள்ளை கூடுதல் நாள் உள்ளே இருக்கிறான், வெளியே வரும்போது உள்ளே கிடைத்த பழக்கத்தோடு வருகிறான்.

பத்திரிகைக்காரர்கள் செய்வதையும் சொல்ல வேண்டும். வசதியான பகுதியில் இருப்பவர் மோசடியில் கைதானால் "தனியார் நிறுவன அதிகாரி" என்று எழுதுவார்கள். இங்கே உள்ளவன் என்றால் தலைப்பிலேயே ஏரியா பெயர் வரும். 23,000 வீட்டை இவ்வளவு சின்ன இடத்தில் அடுக்கினால் குற்றங்களின் எண்ணிக்கை கூடுதலாகத்தான் தெரியும், அதை ஜனத்தொகையோடு வைத்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

தம்பிக்கு ஒரு வழி. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தனிநபர் தன்னைப் பற்றித் தானே சரிபார்ப்புச் சான்று கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். உங்கள் பெயரில் வழக்கு இல்லை என்றால் அந்தச் சான்றிலேயே அது தெரியும். இன்டர்வியூவில் நீங்களாக நீட்ட வேண்டாம், கேட்டால் காட்டுங்கள். உங்கள் தம்பிக்கு 18 ஆகவில்லை என்றால் அந்தப் போட்டோ விஷயத்தைச் சும்மா விடாதீர்கள், தனியாக மெசேஜ் அனுப்புங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

---

பதில்: வியாசை_கேரம்

நான் வியாசர்பாடி. எங்கள் அண்ணன்மார்கள் எல்லோரும் பெரம்பூர் என்றுதான் எழுதுவார்கள். பின்னி மில் 1996-ல் மூடியபோது எத்தனையோ வீட்டில் ஒரே நாளில் சம்பளம் நின்றது, அதற்கப்புறம் வளர்ந்த தலைமுறையைத்தான் சினிமாக்காரர்கள் அரிவாளோடு காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதே தெருக்களில் விடிகாலையில் ஃபுட்பால் பயிற்சி நடக்கும், சந்துக்குச் சந்து கேரம் போர்டு இருக்கும், அது படத்தில் வராது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வட சென்னை ஆட்டோ டிரைவர் மகள்.

நான் எல்லா இடத்திலும் வியாசர்பாடி என்றுதான் எழுதுகிறேன். சில வேலை போயிருக்கும், எது எதனால் போனது என்று தெரியாது. ஆனால் இப்போது இருக்கும் ஆபீசில் எங்கள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டேன், மேனேஜரே "உங்க ஏரியாவில் யாராவது இருக்காங்களா" என்று கேட்கிறார். பெரம்பூர் என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. அதற்காக உன்னையும் இப்படிச் செய் என்று சொல்ல மாட்டேன். முதல் வேலை கிடைக்கும் வரை ஹெச்.ஆர் அக்கா சொன்னதைச் செய் ப்ரோ. சம்பளம் வர ஆரம்பித்த பிறகு தைரியம் தானாக வரும்.

அப்புறம், 2020-ல் உங்கள் பிளாக் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் வரைந்தார்களே, நேரில் வந்து பார்த்தேன், அற்புதமாக இருந்தது. மாடிப்படிக்கு லைட்டும் போட்டிருக்கலாம்.

---

கேட்டவர்: பிகாம்_600097

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவர்களும் கூவம் ஓரத்திலிருந்துதான் வந்தவர்கள், உங்கள் இட்லிக் கடை எந்தப் பக்கம் என்று கேட்கச் சொன்னார்.

ரெஸ்யூமில் "சென்னை 600097" என்று மாற்றிவிட்டேன். ஃபாரம் என்று வந்தால் பிளாக் நம்பரோடு முழுசாக எழுதப்போகிறேன். நேரில் "துரைப்பாக்கத்தில் எங்கே" என்று கேட்டால் கண்ணகி நகர் என்றே சொல்லிவிடுவேன், அங்கே சுற்றி வளைத்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். வக்கீல் சார், தம்பிக்கு வயது 16, மெசேஜ் அனுப்பியிருக்கிறேன்.

அபார்ட்மென்ட் அண்ணா, அண்ணிக்குக் கால் இப்போது பரவாயில்லையா? பை சோதனையை நிறுத்தியதற்கு நன்றி. அம்மா வேலை செய்யும் இடத்தில் அந்தச் சோதனை இன்னும் நடக்கிறது.

---

பதில்: பெருங்குடி_ஹெச்ஆர்

ரெஸ்யூமை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். எங்கள் ஆபீசில் இப்போது அக்கவுண்ட்ஸில் இடம் இல்லை, ஆனால் எங்களுக்குப் பில்லிங் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனம் ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. டி.டி.எஸ் தெரியுமா, எக்செல் எந்த அளவுக்கு வரும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.