நெடுநல்வாடையில் தெற்கே சாயும் சுடர்: விளக்கம் வேணுமுங்க

வணக்கமுங்க. சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் 188 அடிகளில் கடைசிப் பகுதி பற்றிக் கேட்கிறேன். நள்ளிரவு, பாசறை. புண்பட்ட வீரர்களைப் பார்க்க அரசன் தூறலில் வருகிறான். வாடை வீசும்போதெல்லாம் பாண்டில் விளக்கின் (கால்விளக்கின்) சுடர் தெற்கே சாய்கிறது. வடகாற்றில் சுடர் அப்படித்தான் சாயும். ஆனாலும் புறநானூறு 9 இறந்தோரைத் ‘தென்புல வாழ்நர்’ என்பதால், இங்கே சாவின் குறிப்பும் உண்டென்றே நினைக்கிறேன். அதன் எதிரே, தூங்காமல் நடக்கும் அரசனின் கடமை. பழைய உரைகளில் இப்படிப் பொருள் கொள்ள இடமிருந்தால் பக்க எண்ணோடு சொல்லுங்கள்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களும் உதவணும். பாட்டின் தொடக்கத்தில், குளிரில் கறவை தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. தாயின் கடமையையே மறக்கவைக்கும் குளிர் என்றால்தான் அரசன் நடப்பது பெரிதாகும். ஐப்பசி, கார்த்திகை ஈரவாடையில் இது நடப்பதுண்டுங்களா? குளிராலா, காம்பு வெடித்த வலியாலா?