கரண்ட் வைத்த நாட்கள்: பக்க விளைவுகளைச் சமாளித்த அனுபவங்கள்

அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரத்தில் மொத்தம் 30 தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்தார்கள். முதல் பத்து நாள் ஒன்றுமே தெரியவில்லை. "இதுக்கா இவ்வளவு பயந்தோம்?" என்றுகூடக் கேட்டார். மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெந்துபோனது. ரசம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும். எச்சில் பசை மாதிரி நூல் நூலாக இழுத்தது.

வலிக்கிறது என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. "பசிக்கலைம்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். நானும் நம்பிவிட்டேன். கரண்ட் வைக்கும்போது அசையாமல் இருக்க முகத்துக்குப் போடும் மாஸ்க் தொளதொளவென்று இருப்பதாக டெக்னீஷியன் சொன்ன பிறகுதான் எடை பார்த்தோம். 58 கிலோ இருந்தவர் 52. மாஸ்க்குக்குள் முகம் அசைந்தால் கதிர் இடம் மாறிவிடும் என்று புதிதாக அளவெடுத்தார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தபோது நாக்கு முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. பூஞ்சைத் தொற்றாம். அதற்கு மருந்தும், சாப்பிடும் முன் வாயை மரத்துப்போக வைக்கும் ஜெல்லும் தந்தார். இதை ஒரு வாரம் முன்பே கேட்டிருக்கலாமே என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. இதை வைத்து அடிக்கடி கொப்பளிக்கச் சொன்னார்கள். பருப்பு சாதத்தை நெய் விட்டு மிக்ஸியில் அடித்து, நன்றாக ஆறவைத்துக் கொடுப்பேன். தாடை இறுகாமல் இருக்க ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பயிற்சி. வாரத்துக்கு ஒரு குச்சி கூடும்.

கடைசி நாளன்று, முடிந்துவிட்டது என்று லட்டு வாங்கினேன். அப்புறம் வந்த இரண்டு வாரம்தான் ரொம்ப மோசம். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

*

எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வெளியிலிருந்து 25 தடவை கரண்ட், பிறகு உள்ளே கருவி வைத்தும் கொடுத்தார்கள். இரண்டாவது வாரமே வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. பாலையும் கீரையையும் நிறுத்திவிட்டு இட்லி, தயிர்சாதம், ஓ.ஆர்.எஸ். என்று ஓட்டினேன். மாத்திரையும் கொடுத்தார்கள்.

யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்குப் பிறகு பிறப்புறுப்பு சுருங்கி உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு டைலேட்டர் என்று, உள்ளே வைத்து மெல்ல விரிக்கும் குழாய் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. ஒரு நர்ஸ் அக்கா திரையை இழுத்துவிட்டு, கையில் எடுத்துக் காட்டிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தாம்பத்தியத்துக்கு மட்டுமில்லை, பின்னால் டாக்டர் பரிசோதிக்கவும் இது வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

*

அம்மாவுக்கு மார்பில் கரண்ட் வைத்தார்கள். அக்குள் மடிப்பில் தோல் கறுத்து உரிந்தது. பக்கத்து வீட்டில் மஞ்சள் பூசச் சொன்னார்கள். டாக்டர் கூடவே கூடாது என்றார். பிளேடு வேண்டாம், சென்ட் வேண்டாம், தொளதொள பருத்தி நைட்டி போதும் என்றார். அதைவிட அம்மாவை வாட்டியது வேறு. உடம்பிலிருந்து கதிர் பரவும் என்று யாரோ சொல்ல, பேத்தியைப் பக்கத்திலேயே விடவில்லை. வெளியிலிருந்து வைக்கும் கரண்ட், மெஷினை நிறுத்தியதும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலை பின்னிவிட்டார்.