புதுப்பிப்பு: பழைய தண்டனைச் சட்ட நூல்களை வைத்துப் படிக்கலாமா?

உசிலம்பட்டியில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு மதுரையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்த நான், சீனியர்கள் கொடுத்த பழைய இந்திய தண்டனைச் சட்ட நூல்கள் இனிப் பயன்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

அந்த நூல்களை ஒதுக்கவே கூடாது என்பது இப்போது என் உறுதியான கருத்து. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டாலும், அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டும் நீதிமன்றங்களில் புழங்கும். 511 பிரிவுகள் 358 ஆகக் குறைந்துள்ளன. ஆயினும் கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள நுட்பமான வேறுபாடு, 299, 300 ஆகிய பிரிவுகளிலிருந்து 100, 101 ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அப்படியே வந்திருப்பதால், அதை விளக்கும் பழைய தீர்ப்புகளைப் படிக்காமல் புதிய பிரிவு விளங்காது. நோட்டின் இடப்பக்கம் கொலைத் தண்டனைக்கும் மோசடிக்கும் உரிய பழைய பிரிவுகளை 302, 420 என்று எழுதி, எதிரே அவற்றின் புதிய எண்களை 103, 318(4) என்று குறித்துக்கொள்கிறேன்.

தமிழ் வழியில் படித்தவர்கள் தயங்க வேண்டாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதம் ஆங்கிலத்தில் நடந்தாலும், மாவட்ட நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைக் கவனித்தபோது, கேள்வியும் பதிலும் நம் ஊர்ப் பேச்சிலேயே இருந்தன. சாட்சி சொன்ன ஒரு சொல்லை எப்படிப் பதிவது என்பதற்கே வாதம் நடந்தது.

அடுத்து சாட்சியச் சட்டம் படிக்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்துக்கு நல்ல தமிழ் விளக்கநூல் தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து சொல்லுங்கள்.