கோலெம் இறங்கினாலே ஆட்டம் போய்விடுகிறது (2.6 ஹாக் சைக்கிள்)

செல்வா:
கிளாஷ் ராயல் மொபைல் கேமில் ஆறு மாதமாக ஒரே டெக்தான் (எட்டு கார்டு கொண்ட கட்டு) ஆடுகிறேன். ஒரு கார்டை இறக்க ஆகும் எலிக்சிர், அதாவது ஆட்டத்தில் தானாக ஊறும் சக்தி, இதில் சராசரியாக 2.6தான்: ஹாக் ரைடர், மஸ்கட்டியர், ஃபயர்பால், கேனன், ஐஸ் கோலெம், லாக், ஐஸ் ஸ்பிரிட், ஸ்கெலிட்டன்ஸ். எதிராளி தன் ராஜா டவருக்குப் பின்னால் கோலெம் என்ற மெதுவாக நடக்கும் பெரிய படையை இறக்கியதும் எனக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. உடனே கேனனைப் போட்டுவிடுகிறேன். அந்தக் கோலெம் ஆடி அசைந்து பாலத்துக்கு வருவதற்குள் கேனனின் பாதி உயிர் தானாகவே கரைந்துபோகிறது. நேற்று இரவு இப்படியே நாலு ஆட்டம் போனது. என்ன தப்பு செய்கிறேன்?

வைகைக்கரை:
கோலெமை இறக்க 8 எலிக்சிர் ஆகும். அவரிடம் 10 இருந்தாலும் மிச்சம் 2தான். அந்த நொடியே அடுத்த பக்கப் பாலத்தில் ஹாக்கையும் ஐஸ் ஸ்பிரிட்டையும் விடுங்கள். ஒரு எலிக்சிர் ஊற 2.8 நொடி ஆகும். 4 எலிக்சிர் கார்டு ஒன்றால் தடுக்க நினைத்தாலும் அவர் ஆறு நொடி போலக் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஹாக் டவரில் அடி வைத்துவிடும்.

நிலா_க:
இதோடு எண்ணவும் பழகுங்கள். நான் ஆடும்போது என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து எதிராளி செலவு செய்த எலிக்சிரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். இரண்டே வாரத்தில் அது எனக்கே மனதுக்குள் ஓட ஆரம்பித்தது. விரல் வேகத்தைவிட இந்தக் கணக்குதான் எனக்கு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தது.

கேனனை, கோலெம் பாலத்தை நெருங்கும்போது மட்டும் போடுங்கள். ஆற்றிலிருந்து நாலு கட்டம் தள்ளி, நடுவில். கோலெம் அதை நோக்கித் திரும்பும், இரண்டு டவரும் சேர்ந்து அடிக்கும். மஸ்கட்டியரைக் கோலெம்மேல் வீணாக்காமல், பின்னால் வரும் நைட் விட்ச், பேபி டிராகனை முதலில் கவனியுங்கள். கோலெம் சாகும்போது வெடிக்கும். ஸ்கெலிட்டன்ஸ் பக்கத்தில் இருந்தால் அத்தனையும் போய்விடும்.

செல்வா:
ஹாக் மறுபடி கைக்கு வர எவ்வளவு ஆகும்?

நிலா_க:
வேறு நாலு கார்டு ஆட வேண்டும். ஸ்கெலிட்டன்ஸ், ஐஸ் ஸ்பிரிட், லாக், ஐஸ் கோலெம் நாலும் சேர்ந்தே 6தான். ஆனால் தற்காப்புக்குத் தேவைப்படும் கார்டைச் சுழற்சிக்காகக் கொட்டிவிடாதீர்கள்.

செல்வா:
இப்போது மூன்று கோலெம் ஆட்டம் ஆடினேன். இரண்டு ஜெயித்தேன். மூன்றாவதில் கடைசி நிமிடத்தில் ஹாக்கை விட்டேன், உடனே தடுத்துவிட்டார்.

வைகைக்கரை:
கடைசி நிமிடத்தில் எலிக்சிர் இரட்டை வேகத்தில் ஊறும். 1.4 நொடிக்கு ஒன்று. அப்போது கோலெமைத் தடுக்கப் போதுமான அளவு கையில் வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் மட்டும் ஹாக்.