புது மாடல் எப்ப விடணும்னு கம்பெனிக்காரங்க எத வச்சு முடிவு பண்றாங்க?

பள்ளத்தூர்_பேரன்:
2022 மே மாசம் காரைக்குடியில ஒரு கடையில அப்பத்தாவுக்காக 5 ஸ்டார் ஏசி எடுத்தோம். பெரிய வீட்டு சுண்ணாம்புச் சுவருக்கு ஏசியே வேணாம், ஆனா முட்டி வலியால அவுங்க பின்கட்டுல புதுசா போட்ட கான்கிரீட் ரூம்லதான் இருக்காங்க, மத்தியானம் அனல் அடிக்கும். ரெண்டே மாசத்துல அதே மாடல் 4 ஸ்டார்னு விக்கிது. கடையில ஒரு வார்த்தை சொல்லல, இன்னும் மனசு ஆறல. இப்ப இன்னொரு ரூமுக்கு வாங்கணும், இதெல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

தேவகோட்டை_கடை:
தம்பி, சொல்லாதது கடைக்காரர் தப்புதான், எங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும். ஆனா அந்தத் தேதி கம்பெனி வச்சது இல்ல. கரண்டு எவ்வளவு மிச்சமாகுதுன்னு காட்டுற ஸ்டார் கணக்க மாத்துறது மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பீ.இ.இ. 2018 ஜனவரியில மாத்துனாங்க, அடுத்தது 2022 ஜனவரின்னு இருந்தத கம்பெனிகள்கிட்ட ஸ்டாக் தேங்கிக் கிடந்ததால ஜூலை 1க்குத் தள்ளுனாங்க. உங்க மிஷின் ஒண்ணும் கெட்டுப்போகல, கரண்டு முன்ன இழுத்த அளவுதான் இழுக்கும். அடுத்த தடவ ஸ்டார் ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைன்னு இருக்கும், அதயும் பெட்டியில தயாரிச்ச மாசத்தயும் பாத்துட்டு காசு குடுங்க. ஏசியில புது மாடல் பெரும்பாலும் கோடைக்கு முன்னாடி வந்துரும், ஆடித் தள்ளுபடியில நாங்க தள்ளுறது மிஞ்சுன சரக்கு, அது மோசமான சரக்குன்னு அர்த்தமில்ல.

மோல்டு_வேலை:
நான் பிளாஸ்டிக் பாடி அடிக்கிற பேக்டரியில இருக்கேன். எங்க பக்கத்துல தேதிய முடிவு பண்றது மோல்டுதான், அதாவது பாடிய வார்க்குற அச்சு. ஒரு ஸ்டீல் மோல்டு வெட்ட லட்சக்கணக்குல ஆகும், அந்தக் காசு திரும்புற அளவுக்குப் பீஸ் அடிக்காம அத மாத்த எந்த முதலாளியும் ஒத்துக்க மாட்டார். அதனாலதான் வருசா வருசம் கலரும் ஸ்டிக்கரும் கைப்பிடியும் மட்டும் மாறுது, உள்ள மோட்டார் அதேதான். தரையில பதிக்கிற நம்ம ஆத்தங்குடி கல்லு அப்படி இல்ல, கண்ணாடி மேல தகர அச்ச வச்சு கலர் சிமெண்ட ஊத்துறாங்க, அச்சு மலிவு, ஒரே ஒரு வீட்டுக்குன்னு கூட தனி டிசைன் போட்டுக் குடுப்பாங்க.

பள்ளத்தூர்_பேரன்:
சரிண்ணே, புதுசு வரப்போகுதுன்னு வெளிப்படையா சொல்லிட்டா என்ன கொறஞ்சா போயிடும்?

கம்ப்யூட்டர்_அண்ணன்:
கொறஞ்சுதான் போகும். அமெரிக்காவுல ஆஸ்போர்ன்னு ஒரு கம்பெனி, 1981ல தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர் கொண்டு வந்து நல்லா வித்தது. அடுத்த மாடலப் பத்தி முன்னாடியே பேசிட்டாங்க, கையில இருந்தத யாரும் வாங்கல, 1983ல திவால். அந்தப் பேச்சு மட்டும்தான் காரணமான்னு வாதம் உண்டு, ஆனா அன்னையிலேருந்து எல்லாரும் வாயத் தொறக்கவே பயப்படுறாங்க. ஸ்டாக்கோட வலி தெரியணும்னா 2017 மார்ச் கடைசிய நெனச்சுப் பாருங்க, ஏப்ரல் 1லேருந்து பிஎஸ் 3ங்கிற பழைய புகை விதிப்படி செஞ்ச வண்டி விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதும் ரெண்டே நாள்ல பைக்க எவ்வளவு கொறச்சுத் தள்ளுனாங்க.

பள்ளத்தூர்_பேரன்:
ஸ்டிக்கரப் போய் பாத்தேன், கடைக்காரர் சொன்ன மாதிரியே தேதி போட்டிருக்கு, 2022 ஜூன் 30 வரைன்னு. இத்தன நாளா அப்பத்தா தலைக்கு மேலயே இருந்திருக்கு. சனிக்கிழமை கடைக்குப் போறேன், பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடி அந்த லேபிள போட்டோ எடுத்து இங்க போடறேன், பாத்துச் சொல்லுங்க.