புதுப்பிப்பு: புராஸ்டேட் வீக்கம், மாத்திரையா அறுவை சிகிச்சையா?

இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கத்தால் சிறுநீர் கழிக்க இரவில் நான்கு முறை எழுகிறேன், மாத்திரை போதுமா, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "முதலில் மூன்று நாள் எழுதி வையுங்கள்" என்ற யோசனைதான். குளியலறையில் ஒரு அளவுக் குவளை, பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி சிறுநீர், என்ன குடித்தேன் எல்லாம் குறித்தேன். ராத்திரி தூங்கப் போகும் முன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மருத்துவர் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். ஏழு கேள்வி அறிகுறித் தாளில் 35க்கு 16 வந்தது. 8 முதல் 19 வரை நடுத்தரமாம். சிறுநீர் கழித்த பின் எடுத்த ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் அதிகம் தேங்கவில்லை. அப்புறம் எட்டாவதாக ஒன்று கேட்டார்: இதே நிலை கடைசிவரை இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் இப்படியே விடவும் முடியாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சிறுநீர் போகும் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் என்ற மாத்திரையைத் தொடங்கி, இரவுத் தண்ணீரையும் குறைத்தேன். இரண்டு வாரத்தில் ஒரு முறைதான் எழுந்தேன்.

எதிர்பாராதது: விந்து வெளிவருவது வெகுவாகக் குறைந்தது. பயந்து கேட்டேன், ஆபத்தில்லை, மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். சட்டென்று எழுந்தால் லேசான தலைசுற்றலும் உண்டு. கண்புரை அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர்கள் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.